புஷ்ராட் நீளத்தை அளந்து தேர்ந்தெடுப்பது எப்படி?

எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது பழைய புஷ்ராடுகளைத் துடைத்து, வளைவு இருக்கிறதா என்று உருட்டிப் பார்த்து, அப்படியே திரும்பப் போட்டுவிடுவது வழக்கம். எதையும் வெட்டாமல், எந்தப் பாகத்தையும் மாற்றாமல் கட்டுகிற எஞ்சினுக்கு அது போதும். ஆனால் ஹெட்டை ஃபேசிங் செய்திருந்தாலோ, அதாவது அதன் அடிமுகத்தைச் சற்று வெட்டிச் சமமாக்கியிருந்தாலோ, கேம்ஷாஃப்டை மாற்றியிருந்தாலோ, வேறு தடிமனில் ஹெட் கேஸ்கெட் போட்டிருந்தாலோ நிலைமை வேறு. லிஃப்டருக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்புகிற குழாய்தான் புஷ்ராட். அந்த இடைவெளி மாறிவிட்டால், பழைய புஷ்ராட் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அது இந்த எஞ்சினுக்கு உரியது அல்ல.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சத்தத்தால். ஒரு வி8 எஞ்சினில், மறுபடி கிரைண்ட் செய்த கேம்ஷாஃப்டைப் போட்டு, பழைய புஷ்ராடுகளையே வைத்துக் கட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் நன்றாக ஓடியது. சூடேறியதும் மேலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. ஆயில் பம்ப் மேல் சந்தேகப்பட்டு இரண்டு வார விடுமுறைகளைச் செலவழித்தேன். கடைசியில் ராக்கர் கவரைக் கழற்றி அளந்து பார்த்தபோதுதான் புஷ்ராட் 1 மில்லிமீட்டருக்கும் கூடுதலாகக் குட்டையாக இருந்தது தெரிந்தது. கட்டும்போதே அரைநாள் ஒதுக்கி அளந்திருந்தால் போதும்.

கேம்ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளே இருக்கும் எஞ்சின்களுக்குத்தான் இந்த வேலை. கேமில் புடைத்திருக்கும் லோப் லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் புஷ்ராடைத் தூக்கும், புஷ்ராட் ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அழுத்தும். கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேல் இருக்கும் எஞ்சின்களில் புஷ்ராடே கிடையாது.

எந்த வேலை, எவ்வளவு மாற்றும்?

ஹெட்டில் 0.25 மி.மீ. ஃபேசிங் செய்தால் ஹெட் அவ்வளவு கீழே இறங்கும். புஷ்ராடும் 0.25 மி.மீ. குறைய வேண்டும். பிளாக்கின் மேல்முகத்தை வெட்டினாலும் இதே கணக்குதான். கேஸ்கெட் தடிமன் கூடினால் அதற்கு நேர்மாறு.

கேமை மறுபடி கிரைண்ட் செய்யும்போது லோபின் அடிவட்டம், அதாவது லிஃப்டரைத் தூக்காத வட்டமான பகுதி, சிறுத்துவிடும். அடிவட்டத்தின் விட்டம் 1 மி.மீ. குறைந்தால் ஆரம் அரை மி.மீ. குறையும், லிஃப்டர் அந்த அரை மி.மீ. கீழே உட்காரும். புஷ்ராட் அவ்வளவு நீள வேண்டும். என் எஞ்சினில் நடந்தது இதுதான்.

லிஃப்டரை மாற்றினால் வித்தியாசம் பெரிதாக இருக்கும். புஷ்ராட் உட்காரும் குழி ஒவ்வொரு வகை லிஃப்டரிலும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும். செவ்ரலேயின் பழைய ஸ்மால் பிளாக் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டை லிஃப்டர் உள்ளவற்றில் புஷ்ராட் சுமார் 7.8 அங்குலம். பின்னால் வந்த, கம்பெனியிலேயே ரோலர் லிஃப்டர் போட்டவற்றில் சுமார் 7.2 அங்குலம்தான். ஒரே எஞ்சின் குடும்பம், அரை அங்குலத்துக்கும் மேல் வித்தியாசம்.

வால்வு சீட் கட்டிங்கில்தான் பலரும் குழம்புகிறார்கள். சீட்டை வெட்டும்போது வால்வு ஹெட்டுக்குள் சற்று ஆழமாக உட்காரும், அதனால் அதன் தண்டின் நுனி மேலே எழும். இதற்குப் புஷ்ராட் நீள வேண்டுமா, குறைய வேண்டுமா? ராக்கர் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. ராக்கரின் நடு அச்சு அசையாமல் நிற்கிற வகை என்றால், வால்வு நுனி எழும்போது மறுமுனை தாழும். 1.5 விகிதமுள்ள (புஷ்ராட் முனை 1 மி.மீ. நகர்ந்தால் வால்வு முனை 1.5 மி.மீ. நகரும்) ராக்கரில் நுனி 0.45 மி.மீ. எழுந்தால் புஷ்ராட் 0.3 மி.மீ. குறைய வேண்டும். ஸ்டட்டில் ஏறி இறங்கும் வகை என்றால் ராக்கர் முழுவதையும் நுனியோடு சேர்த்து 0.45 மி.மீ. உயர்த்த வேண்டும், புஷ்ராட் அந்த அளவு நீள வேண்டும். ஒரே மாற்றத்துக்கு எதிரெதிரான இரண்டு விடைகள். அதனால் இந்தக் கூட்டல் கழித்தலை எல்லாம் உத்தேசத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கிற அளவு உங்கள் எஞ்சினில் அளந்து எடுத்ததாகவே இருக்க வேண்டும்.

முதலில் ராக்கரைப் பாருங்கள்

ராக்கர் ஒரு ஸ்டட்டில் கோத்து, மேலே நட் போட்டு நிற்கிறதா? அப்படியென்றால் அதன் உயரம் நிலையானது இல்லை. நீளமான புஷ்ராட் போட்டால் ராக்கர் ஸ்டட்டில் மேலே நிற்கும், குட்டையானது போட்டால் கீழே நிற்கும். நட்டைத் திருகி டேப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே உள்ளதை) எந்த நீளத்திலும் சரியாக்கிவிடலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. இடைவெளி சரியாக இருக்கும், சத்தமே வராது, ஆனால் ராக்கர் தப்பான கோணத்தில் நின்று வால்வை ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் தள்ளும். கொஞ்ச நாளில், வால்வு தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு தேய்ந்துவிடும். இந்த வகையில் புஷ்ராட் நீளம் தீர்மானிப்பது ராக்கரின் கோணத்தை.

ராக்கர் ஒரு மேடையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டு, திருக எதுவும் இல்லாமல் இருக்கிறதா? செவ்ரலேயின் எல்எஸ் எஞ்சின்கள் இப்படித்தான். இங்கே கோணத்தை மேடையின் உயரம் தீர்மானித்துவிடும். புஷ்ராட் நீளம் தீர்மானிப்பது, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டரின் ப்ரீலோடை, அதாவது லிஃப்டரின் உள்ளே இருக்கும் பிஸ்டன் எவ்வளவு அமுங்கி நிற்கும் என்பதை.

மூன்றாவது வகை, ஷாஃப்ட்டில் கோத்த ராக்கரும் அதன் முனையில் திருகும் ஸ்க்ரூவும். பழைய பிஎம்சி ஏ சீரிஸ், பி சீரிஸ் எஞ்சின்களில் இருப்பது இது. இடைவெளியை ஸ்க்ரூ பார்த்துக்கொள்ளும். ஸ்க்ரூ முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டோ, முழுவதும் உள்ளே ஏறியோ நிற்காமல் இருக்கிற மாதிரி நீளத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். கோணம் தப்பாக இருந்தால் ஷாஃப்ட் தாங்கியின் அடியில் தகடு வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், புஷ்ராடால் முடியாது. இந்த வகையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, மற்ற இரண்டையும் விரிவாகப் பார்ப்போம்.

அளப்பதற்கு முன்

நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அளவு புஷ்ராட் ஒன்று வேண்டும். நடுவில் மரை வைத்த இரண்டு துண்டுகளாக இருக்கும். பலவற்றில் ஒரு முழுச் சுற்றுக்கு 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. நீளும். உங்களுடையதில் எவ்வளவு என்று ஒரு சுற்று திருகி அளந்து பாருங்கள். அதோடு டயல் கேஜ், மெல்லிய சோதனை ஸ்பிரிங் இரண்டு, மார்க்கர் பேனா, ஒரு நீளமான வெர்னியர். சாதாரண 150 மி.மீ. வெர்னியரின் வாய் இந்த வேலைக்குப் போதாது. எட்டு அங்குலத்தைத் தாண்டும் புஷ்ராடும் உண்டு என்பதால் 300 மி.மீ. வெர்னியர் இருந்தால் நல்லது.

எல்லா வெட்டும் வேலையும் முடிந்த பிறகே அளக்க வேண்டும். அளந்த பிறகு ஹெட்டை மறுபடி லேத்துக்கு அனுப்பினால் அந்த அளவு வீண். ஹெட்டைப் பூட்டும்போது, கடைசியில் போடப்போகிற அதே வகை கேஸ்கெட்டை வைத்து முழு டார்க்கில் (குறிப்பிட்ட இறுக்க அளவில்) இறுக்குங்கள். ஒருமுறை இறுக்கியதை மறுபடி பயன்படுத்தக்கூடாத கேஸ்கெட் என்றால், அதே வகையில் ஏற்கெனவே அமுங்கிய பழையது ஒன்றை வைத்து அளக்கலாம். அமுங்காத கேஸ்கெட்டின் மேல் ஹெட்டைச் சும்மா வைத்து அளப்பது எதற்கும் உதவாது.

ஸ்டட் ராக்கர்: கோணத்தைப் பிடிப்பது

முதல் சிலிண்டரில் தொடங்குங்கள். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டு, அந்தச் சிலிண்டரின் இரண்டு வால்வு ஸ்பிரிங்குகளையும் கழற்றி மெல்லிய ஸ்பிரிங்குகளைப் போடுங்கள். பிஸ்டன் கீழே இருக்கும்போது கழற்றினால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும், அப்புறம் ஹெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

லிஃப்டர் ஹைட்ராலிக் என்றால் அதை அப்படியே வைத்துச் சுற்றிப் பார்க்கக் கூடாது. உள்ளிருக்கும் பிஸ்டன் அமுங்கிவிட்டால் வால்வு முழு லிஃப்ட்டுக்கு, அதாவது திறக்க வேண்டிய முழுத் தூரத்துக்கு, திறக்காது, நீங்கள் பார்ப்பது பொய்யான அளவு. குழி உயரம் அதே அளவில் உள்ள சாலிட் லிஃப்டரையோ (உள்ளே அமுங்கும் பிஸ்டன் இல்லாதது), உள்ளே அமுங்காதபடி அடைத்த லிஃப்டரையோ போட்டுக்கொள்ளுங்கள்.

லிஃப்டர் கேம் லோபின் அடிவட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கு எளிய வழி: எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும் இடத்தில் கிராங்கை நிறுத்தி இன்டேக்கைச் சரிசெய்யுங்கள். இன்டேக் முழுவதும் திறந்து, மறுபடி மூடிக்கொண்டு வரும் இடத்தில் நிறுத்தி எக்ஸாஸ்ட்டைச் சரிசெய்யுங்கள். எந்தச் சிலிண்டருக்கும் இது பொருந்தும்.

இப்போது அளவு புஷ்ராடைப் போட்டு, நட்டை மெல்ல இறக்கி இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். பூஜ்யம் என்பது விரலில் தெரியும். புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். முதலில் டக் டக் என்று சின்னதாக ஒரு ஆட்டம் இருக்கும். நட் இறங்க இறங்க அது குறைந்து, ஓர் இடத்தில் நின்றுபோகும். அதுதான் இடம். புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்த்து, இறுக்கம் தெரியும்போது நிறுத்துகிறவர்களும் உண்டு. எண்ணெய் பூசிய முனைகள் அழுத்தத்திலும் வழுக்கிக்கொண்டு சுழலும் என்பதால் அந்த முறையில் பூஜ்யத்தைத் தாண்டிப் போய்விட வாய்ப்பு அதிகம்.

வால்வு நுனியை மார்க்கரால் கருப்பாக்குங்கள். காய்ந்ததும் கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது கடினமாகத் தடுத்தால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள், வால்வு பிஸ்டனில் மோதிக்கொண்டிருக்கலாம். சுற்றி முடித்து ராக்கரை எடுத்தால், கருப்பின் நடுவே பளபளவென்று ஒரு கோடு தெரியும். ராக்கரின் முனையில் இருக்கும் ரோலர் உருண்ட தடம் அது. அந்தத் தடம் எவ்வளவு அகலம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தடம் நுனியின் நட்டநடுவில் இருந்தால் போதும் என்று சொல்லித்தருவதுண்டு. நடுவில் இருந்துகொண்டே அகலமாகவும் இருக்கலாம். அகலமான தடம் என்றால் ரோலர் நுனியின் மேல் அங்கும் இங்கும் இழுபடுகிறது என்று அர்த்தம்.

ஏன் அப்படி? ராக்கரின் நுனி ஒரு வட்ட வில்லில் நகர்கிறது, வால்வு நேர்கோட்டில் இறங்குகிறது. வில்லின் நடுப்பகுதி, வால்வு பாதி திறந்த நிலையில் வருகிற மாதிரி ராக்கர் நின்றால், ரோலர் முதல் பாதியில் சற்று வெளியே போய், இரண்டாம் பாதியில் அதே தூரம் திரும்பி வந்துவிடும். நகர்வு மிகக் குறைவு. கணக்கு போட்டே பார்க்கலாம். ராக்கரின் நடு அச்சிலிருந்து ரோலரின் மையம் வரை 38 மி.மீ., வால்வு லிஃப்ட் 12.7 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், சரியான நிலையில் ரோலர் நகர்வது அரை மி.மீ. மட்டும். அந்த வில் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டால் நகர்வு 2.2 மி.மீ. நான்கு மடங்கு!

அதனால் தடத்தின் அகலத்தோடு, ரோலர் நகரும் திசையையும் கண்ணால் பாருங்கள். டார்ச் அடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் தெரியும். மூடிய நிலையிலிருந்து முழுவதும் திறக்கும் வரை ரோலர் வெளிப்பக்கமாகவே, அதாவது ஸ்டட்டை விட்டு விலகியே போய்க்கொண்டிருந்தால் ராக்கர் தாழ்வாக நிற்கிறது, புஷ்ராட் குட்டை. முழுவதும் உள்பக்கமாகவே வந்தால் புஷ்ராட் நீளம். வெளியே போய்த் திரும்பி வந்தால் சரியான இடத்தை நெருங்கிவிட்டீர்கள். அளவு புஷ்ராடை அரைச் சுற்று மாற்றுவது, நுனியை மறுபடி கருப்பாக்குவது, சுற்றிப் பார்ப்பது என்று தடம் மிக ஒடுங்கும் வரை தொடருங்கள். ஐந்தாறு தடவை ஆகலாம், அவசரப்பட வேண்டாம்.

உறுதிப்படுத்த டயல் கேஜை, வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர் மேல் வையுங்கள். லிஃப்ட் 12 மி.மீ. என்றால் 6 மி.மீ. திறந்த இடத்தில் நிறுத்துங்கள். ராக்கரின் நடு அச்சின் மையத்தையும் ரோலரின் மையத்தையும் இணைக்கும் கோடு, வால்வு தண்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும்.

ஒடுங்கிய தடம் நுனியின் நடுவிலிருந்து சற்று விலகியிருந்தால் அதற்காக நீளத்தை மாற்றாதீர்கள். விளிம்பைத் தொடாதவரை பரவாயில்லை. விளிம்புக்குப் போய்விட்டால் ராக்கரோ வால்வோ அந்த ஹெட்டுக்குப் பொருந்தவில்லை என்று கொள்ளுங்கள்.

ஹைட்ராலிக் லிஃப்டர் போடப்போகிறீர்கள் என்றால், கிடைத்த நீளத்தோடு ப்ரீலோடையும் கூட்டுங்கள். சாலிட் லிஃப்டரில் குழி இறங்காது, ஹைட்ராலிக்கில் ப்ரீலோட் அளவுக்கு இறங்கி நிற்கும். கடைசியில் நட்டை இறுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 3/8 அங்குல ஸ்டட்டில் அங்குலத்துக்கு 24 மரை என்றால், அரைச் சுற்றில் நட் 0.53 மி.மீ. இறங்கும். ஆனால் வால்வு முனை அசையாமல் நிற்பதால் 1.5 விகித ராக்கரில் புஷ்ராட் முனை 0.88 மி.மீ. இறங்கும்.

போல்ட் ராக்கர்: ப்ரீலோடைப் பிடிப்பது

இது எளிது. வால்வைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்பதால் அசல் ஸ்பிரிங்கும் அசல் லிஃப்டரும் அப்படியே இருக்கலாம். லிஃப்டருக்குள் இருக்கும் பிஸ்டன் முழுவதும் மேலே வந்து நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லிஃப்டரை அடிவட்டத்தில் நிறுத்தி, அளவு புஷ்ராடை வேண்டுமென்றே குட்டையாக்கிப் போட்டு, ராக்கர் போல்ட்டை முழு டார்க்கில் இறுக்குங்கள். எல்எஸ் எஞ்சினில் அது 22 அடி பவுண்டு. பிறகு அளவு புஷ்ராடை நீட்டிக்கொண்டே வந்து, மேலும் கீழும் ஆடும் ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்துங்கள். போல்ட்டைக் கழற்றி, மரை நகராமல் எடுத்து அளந்தால் பூஜ்ய நீளம் கிடைக்கும். அதோடு லிஃப்டர் தயாரிப்பாளர் சொல்லும் ப்ரீலோடைக் கூட்ட வேண்டும். பொதுவாக அது 0.5 முதல் 1.5 மி.மீ.க்குள் இருக்கும்.

பூஜ்ய நீளம் 7.350 அங்குலம் என்று வந்தது, லிஃப்டருக்கு 1 மி.மீ. ப்ரீலோட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவை 7.390 அங்குலம். கடையில் 7.375, 7.400 இரண்டும் கிடைக்கின்றன. முதலாவதில் ப்ரீலோட் 0.64 மி.மீ., இரண்டாவதில் 1.27 மி.மீ. பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம் என்றால் நான் 7.400 எடுப்பேன். எஞ்சின் சூடாகும்போது அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். இந்த நீளத்துக்கு 80 டிகிரி செல்சியஸ் ஏறினால் இடைவெளி சுமார் 0.15 மி.மீ. கூடி, ப்ரீலோட் அந்த அளவு குறைந்துபோகும்.

ஒரே ஒரு சிலிண்டரை அளந்துவிட்டு ஆர்டர் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு கோடிகளிலும் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அளந்து எழுதிவையுங்கள். சில எஞ்சின்களில் இரண்டுக்கும் நீளமே வேறு. செவ்ரலே பிக் பிளாக்கில் எக்ஸாஸ்ட் புஷ்ராட் இன்டேக்கைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் நீளம்.

எந்த நீளத்தைச் சொல்கிறீர்கள்?

நன்றாக அளந்தவர்களும் தவறுவது இங்கேதான். புஷ்ராட் முனையின் குண்டில் எண்ணெய் போக ஒரு துளை இருக்கும். அந்தத் துளையால் குண்டின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். வெர்னியரில் வருவது வெட்டுப்பட்ட பின் உள்ள நீளம். சில பட்டியல்களிலோ குண்டு முழுமையாக இருந்தால் எவ்வளவு என்று கணக்கிட்ட நீளம் போட்டிருக்கும். 5/16 அங்குலக் குண்டில் 0.1 அங்குலத் துளை என்றால், இரண்டு முனையும் சேர்த்து வித்தியாசம் 0.4 மி.மீ. ஆகும். ப்ரீலோடே 1 மி.மீ. என்னும்போது இது சின்ன அளவு இல்லை. அளவு புஷ்ராடின் முனைகளில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரிடம் எந்த நீளத்தைக் குறிப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நீளத்தோடு குழாயின் விட்டம், முனை குண்டா குழியா என்பதையும் சொல்ல வேண்டும். புஷ்ராடை வழிநடத்தும் கைடு பிளேட் உங்கள் ஹெட்டில் இருந்தால் கடினப்படுத்திய புஷ்ராடையே கேளுங்கள். மற்றது பிளேட்டில் உரசித் தேய்ந்துவிடும்.

வந்த பிறகு

புது புஷ்ராடுகள் வந்ததும் ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். கண்ணாடியின் மேல் உருட்டினால் வளைந்தது தாவித் தாவி உருளும். துளைக்குள் காற்று ஊதிச் சுத்தம் செய்து, முனைகளில் அசெம்பிளி லூப் தடவிப் போடுங்கள். அசல் ஸ்பிரிங்குகளை மறுபடி பூட்டியதும் கிராங்கை இரண்டு சுற்று கையால் சுற்றுங்கள். புஷ்ராட் ஹெட்டின் துளையில் எங்காவது உரசுகிறதா, ராக்கரின் அடிப்பக்கம் ரிடெய்னரில் முட்டுகிறதா, முழு லிஃப்ட்டில் ராக்கரின் பள்ளம் ஸ்டட்டில் இடிக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஹைட்ராலிக் லிஃப்டர்கள் எண்ணெய் நிறைந்து விறைப்பாக இருந்தால், ராக்கரை இறுக்கிய உடனே வால்வு சற்றுத் திறந்து நிற்கும். லிஃப்டர் அமுங்கி வால்வு தானாக மூடும்வரை காத்திருந்து, அதன் பிறகே கிராங்கைச் சுற்றுங்கள். ஸ்டார்ட் செய்து சூடேறிய பின்னும் டிக் டிக் சத்தம் நிற்கவில்லை என்றால் ப்ரீலோட் குறைவாக இருக்கலாம். சத்தமே இல்லாமல் ஐடிலிங் மட்டும் ஆட்டம் போட்டு, கம்ப்ரஷன் குறைவாகக் காட்டினால் புஷ்ராட் நீளமாகி வால்வு முழுவதும் மூடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ராக்கர் கவரைக் கழற்றி, எழுதிவைத்த அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அதே அடிவட்டத்தில் நிறுத்தி மறுபடி அளக்க வேண்டியதுதான்.